ஒரு கண்மாய், ஓராண்டு: இளைஞர்களை உள்ளூர்க் காலநிலைப் பணிக்குப் பழக்குவது எப்படி?

இருபது வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து "காலநிலை மாற்றத்துக்கு நாமளும் ஏதாவது செய்யணும்" என்று கிளம்பினால் அடுத்து என்ன நடக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். குழுவுக்குப் பெயர் வைப்பார்கள், பனியன் அச்சடிப்பார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு மரக்கன்று நடுவார்கள். தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் பங்குனியிலேயே பாதிக் கன்று போய்விடும். அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் "குட் மார்னிங்" படம் மட்டும்தான் வந்துகொண்டிருக்கும்.

இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஆர்வம் இருக்கிறது, உடம்பில் தெம்பு இருக்கிறது. இல்லாதது கைப்பழக்கம். மழையை அளப்பது, புலப்படம் பார்ப்பது, மனு எழுதுவது, கிராம சபையில் எழுந்து நின்று பேசுவது, பொதுப்பணத்துக்குக் கணக்கு வைப்பது ஆகியவற்றைப் பள்ளியிலோ கல்லூரியிலோ யாரும் சொல்லித் தரவில்லை. காலநிலைப் பணி உள்ளூரில் நடக்கும்போது பெரும்பாலும் இந்த வேலைகளாகத்தான் இருக்கும்.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், ஊர்ப்புற நூலகர், ஆசிரியர், விவசாய சங்கத்துக்காரர் என்று பிள்ளைகளோடு நின்று பழக்கிவிடும் இடத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் வட்டாரத்துக் கண்மாய்களை மனதில் வைத்து எழுதியது. வடக்கே ஏரி, நெல்லைப் பக்கம் குளம் என்று எடுத்துக்கொண்டாலும் முறை ஏறத்தாழ இதுதான்.

கண்மாயில் ஏன் தொடங்க வேண்டும்

காலநிலை மாற்றம் நம் ஊருக்குள் தண்ணீர் வழியாகவும் வெயில் வழியாகவும்தான் நுழைகிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. நாலே வருடத்தில், 2019 ஜூலையில், அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தமிழ்நாட்டின் ஓராண்டுச் சராசரி மழையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அந்த மழையில் கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடிக்குள் வெள்ளம் புகுந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, வடகிழக்குப் பருவத்தின் இரண்டு மூன்று மாதங்களில் நமக்கு வருகிறது. அதுவும் வரவர சில நாட்களில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகிறது. கொட்டும்போது வாங்கி வைக்கவும், வறளும்போது எடுத்துக் கொடுக்கவும் நம் முன்னோர் கட்டிய அமைப்பு கண்மாய். மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய், குளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் ஊரில் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். பயிற்சிக்கு இதைவிட நல்ல களம் கிடையாது. அளக்க மழை இருக்கிறது, படிக்க ஆவணம் இருக்கிறது, கேட்க அலுவலகம் இருக்கிறது, சண்டை பிடிக்கவும் ஆள் இருக்கிறார்கள்.

இளைஞர்களால் முடியுமா என்று சந்தேகம் வந்தால் பேராவூரணி பக்கம் கேட்டுப் பாருங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு, கடைமடைப் பகுதி இளைஞர்களும் விவசாயிகளும் சேர்ந்து பேராவூரணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். அது பெரிய வேலை. நான் சொல்லப்போவது அதற்கு முன்னால் கற்க வேண்டிய பாடங்கள்.

ஆட்களைச் சேர்ப்பது

எட்டுப் பேருக்குக் குறையாமல், பதினைந்துக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. அதற்கு மேல் சேர்ந்தால் பாதிப்பேர் வேடிக்கை பார்ப்பார்கள்.

யாரைச் சேர்க்கிறீர்கள் என்பதில்தான் ஓராண்டு வேலையும் அடங்கியிருக்கிறது. நன்றாகப் பேசத் தெரிந்த கல்லூரி மாணவர்களை மட்டும் எடுத்தால் குழு மேடையில் நிற்கும், கரையில் நிற்காது. ஐடிஐ படித்த பையன், ஆடு மேய்க்கிற குடும்பத்துப் பிள்ளை, கண்மாயில் மீன்பிடிக்கும் உரிமையான மீன்பாசியை ஏலம் எடுத்தவர் வீட்டுப் பையன், மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிற பெண் எல்லாரும் வேண்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கண்மாய்த் தண்ணீரில் சாதி இருக்கிறது. எந்தத் தெருவுக்கு எந்தப் படித்துறை, எந்த மடையில் யார் வயல் முதலில் பாயும், கண்மாய் வேலைக்கு யார் மண்வெட்டி தூக்குவார், திருவிழாவில் யார் மாலை வாங்குவார் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஊரிலிருந்து மட்டும் ஆள் எடுத்துவிட்டுக் காலனிப் பிள்ளைகளைப் பிறகு அழைத்தால் அவர்கள் வர மாட்டார்கள், வரவும் கூடாது. முதல் கூட்டத்தை இரண்டு பக்கமும் தயங்காமல் வரக்கூடிய இடத்தில் வையுங்கள். நூலகம் அல்லது அரசுப் பள்ளி சரியாக இருக்கும். பெண்கள் வர வேண்டுமானால் கூட்டம் கடைசிப் பேருந்துக்கு முன் முடிய வேண்டும். கரை நடைக்குப் போகும் இடத்தில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும்.

18 வயது முடிந்தவர்கள் எல்லாரும் ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தாயிற்றா என்று பாருங்கள். பட்டியலில் பெயர் உள்ளவர்தான் கிராம சபை உறுப்பினர். பெயர் இல்லாவிட்டால் எவ்வளவு அழகாகப் பேசினாலும் "தம்பி நீ வெளியூரு" என்று ஒரே வரியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

ஆடி, ஆவணி: காலால் படிப்பது

கண்மாய் வற்றிக் கிடக்கிற மாதம். முதல் வேலை நடப்பது. கரையில் தொடங்காதீர்கள். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் தொடங்குங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மேலே எந்தக் கண்மாயின் மறுகால், அதாவது நிரம்பி வழியும் தண்ணீர், இங்கே சேர்கிறது, வழியில் எத்தனை பாலம், எத்தனை குழாய், எங்கே செங்கல் சூளை, எங்கே புது மனைப்பிரிவு என்று நடந்தே பார்க்க வேண்டும். பிறகு தண்ணீர் நிற்கும் உள்வாய், கரை, வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மடைகள், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் கலுங்கு, மறுகால் ஓடை என்று வரிசையாக. ஒவ்வொரு இடத்திலும் கைப்பேசியில் இருப்பிடத்தைக் குறித்து, ஒரு படம் எடுத்து, நோட்டில் ஒரு வரி எழுதினால் போதும்.

கூடவே ஒரு பெரியவரை அழைத்துப் போங்கள். பல ஊர்களில் நீர்க்கட்டி என்ற வேலையே இல்லாமல் போய்விட்டது, ஆனால் ஒருகாலத்தில் மடை திறந்தவர் யாராவது ஒருவர் இருப்பார். பிள்ளைகள் அவரிடம் கேட்கும் விதத்தைப் பழக்க வேண்டும். நோட்டை நீட்டிக்கொண்டு "கண்மாயின் கொள்ளளவு என்ன ஐயா?" என்று கேட்டால் அவர் "எனக்கென்ன தெரியும், பிடிஓ ஆபீஸ்ல கேளுங்க" என்பார். கலுங்குப் பக்கம் கூட்டிப்போய் நின்றால் பேச்சு தானாக வரும்.

"தாத்தா, இந்தக் கல்லுல என்ன கோடு?"

"அது அளவுக்கோடுய்யா. தண்ணி இந்தக் கோட்டத் தொட்டுச்சுன்னா பெருகிருச்சுன்னு அர்த்தம். ராத்திரி மறுகா பாயும். கீழூருக்கு ஆள் விட்டுச் சொல்லிருவோம்."

"கடைசியா எப்ப பாஞ்சுச்சு?"

"எம்பேத்தி சடங்கான வருசம்."

இந்தப் பதிலை எழுதிக்கொண்டு, பேத்தி சடங்கான வருடத்தை வீட்டில் விசாரித்து ஆண்டாக மாற்றுவது ஒரு திறமை. ஊர் நினைவு பெரும்பாலும் திருமணம், புயல், தேர்தல், திருவிழா என்ற கணக்கில்தான் இருக்கும். ஐந்தாறு பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிட்டால் முப்பது, நாற்பது ஆண்டு நிரம்பல் கணக்கு ஒன்று கையில் வந்துவிடும். அலுவலகத்தில் கேட்டாலும் சின்னக் கண்மாய்க்கு அப்படியொரு கணக்கு கிடைப்பது அரிது.

பாதுகாப்புக்குச் சில விதிகள். தனியாக யாரும் போகக் கூடாது. புதர்ப்பக்கம் போகும்போது மூடிய செருப்பும் கையில் கம்பும் வேண்டும். மண் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் கொஞ்சம்தானே என்று இறங்கக் கூடாது, நம் கண்மாய்களில் பிள்ளைகளைப் பலிகொள்வது பெரும்பாலும் அந்தப் பள்ளங்கள்தான். கரை நடைக்கு முன் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் குழுவோடு போய், பேசாமல் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். யார் பேசுகிறார்கள், யார் பேச்சு தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது, யாருடையது காற்றில் போகிறது என்று குறித்துக்கொண்டால் அன்றைக்கு அது போதும்.

காகிதம் படிப்பது

இந்தப் பகுதிதான் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும். நான் பார்த்தவரை, இதைத் தாண்டிய குழுதான் நிலைக்கிறது.

முதலில் கிராம வரைபடமும் கண்மாயின் புல எண்ணும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் சொல்வார். புல எண் கையில் இருந்தால் அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" இணையதளத்தில் அ-பதிவேட்டு விவரத்தைப் பார்க்கலாம். அதில் நிலத்தின் வகைப்பாடும் பரப்பும் இருக்கும். கண்மாயின் பரப்பு பதிவேட்டில் ஒன்றாகவும், நீங்கள் நடந்து கைப்பேசியில் அளந்தது வேறாகவும் இருந்தால் உடனே "ஆக்கிரமிப்பு" என்று முகநூலில் எழுதப் பிள்ளைகள் துடிப்பார்கள். நிறுத்துங்கள். புலப்பட வரைபடத்தை, ஊரில் எப்எம்பி என்பார்கள், எடுத்து நில அளவையரோ விவரம் தெரிந்த ஒருவரோ எல்லைக்கல்லைக் காட்டிய பிறகுதான் அந்தச் சொல்லை வாயில் எடுக்க வேண்டும். ஏரி ஆக்கிரமிப்புக்கென்றே 2007இல் தனிச்சட்டம் இருக்கிறது. அதன்படி அளந்து, அறிவிப்புக் கொடுத்து, அகற்றுவது அதிகாரிகளின் வேலை. பிள்ளைகளின் வேலை சரியான எண்ணோடு சரியான மேசைக்குப் போவது.

எந்த மேசை? கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் பரப்பான ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு, மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத்துறையினுடையது. உதவிப் பொறியாளரைப் பார்க்க வேண்டும். அதற்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியது. வட்டார வளர்ச்சி அலுவலர். இது தெரியாமல் மனுவைத் தூக்கிக்கொண்டு இரண்டு அலுவலகங்களுக்கும் மாறி மாறி அலைந்து மனம் வெறுத்துப்போகிறவர்கள் அதிகம்.

அலுவலகத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டுக் கிடைக்காததற்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டில் அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பிள்ளைகள் எழுதும் முதல் விண்ணப்பம் பெரும்பாலும் "ஏன் தூர்வாரவில்லை? யார் பொறுப்பு?" என்றிருக்கும். இதற்குப் பதில் வராது, ஏனென்றால் சட்டம் தருவது ஆவணத்தை. விளக்கத்தையோ மன்னிப்பையோ தராது. இப்படித் திருத்திக் கொடுங்கள்:

"மேற்படி கண்மாயில் கடந்த ஐந்து ஆண்டுகளில் நடைபெற்ற பணிகளின் மதிப்பீட்டு நகல், அளவுப் புத்தகத்தின் நகல், தொகை வழங்கப்பட்ட விவரம் ஆகியவற்றை வழங்க வேண்டுகிறேன்."

அளவுப் புத்தகம், அலுவலக வழக்கில் எம்-புக், கைக்கு வந்துவிட்டால் எந்த இடத்தில் எத்தனை மீட்டர் வேலை நடந்ததாக எழுதியிருக்கிறது என்று தெரியும். டேப் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய் நிற்கலாம். விண்ணப்பத்தைக் குழுவில் ஒரே ஆள் பெயரில் எப்போதும் போடாதீர்கள். அரசு வேலைக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை தயங்கினால் வற்புறுத்தவும் வேண்டாம். வயதில் மூத்த நீங்களே கையெழுத்துப் போடுங்கள்.

புரட்டாசி: மழைமானி

காசு கொடுத்து வாங்க வேண்டாம், செய்யட்டும். நேராக வழவழவென்று பக்கவாட்டுச் சுவர் உள்ள பெரிய குளிர்பான பாட்டிலின் மேல் பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல் போல அதிலேயே செருக வேண்டும். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருக்கும் என்பதால் கொஞ்சம் கூழாங்கல் போட்டு, நேரான சுவர் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்ட வேண்டும். வாய் அகலமும் சுவர் அகலமும் ஒன்றாக இருப்பதால் தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் ஏறுகிறதோ அதுவே மழை அளவு. ஒவ்வொரு காலையும் கணக்கெடுத்தபின் மீண்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

வைக்கும் இடம் முக்கியம். மரத்தடி, ஓட்டு வீட்டுத் தாழ்வாரம் எல்லாம் ஆகாது. பக்கத்தில் உள்ள சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். படிக்கும் நேரம் காலை 8.30. வானிலை ஆய்வு மையமும் முந்தைய நாள் 8.30 முதல் அன்று 8.30 வரை பெய்ததைத்தான் ஒரு நாள் மழை என்று கணக்கிடுகிறது, ஆகவே நம் கணக்கை அவர்கள் கணக்கோடு ஒப்பிடலாம். மழை பெய்யாத நாளிலும் "0" என்று எழுத வேண்டும். காலியாக விட்டால், மழை இல்லையா, ஆள் போகவில்லையா என்று பிறகு தெரியாது. பிள்ளைகளிடம் நான் கறாராக இருக்கச் சொல்லும் ஒரே இடம் இந்தப் பூஜ்யம்.

ஊரின் இரண்டு மூன்று மூலைகளில் வைத்தால் வேடிக்கை தெரியும். ஒரே மழையில் வடக்குத் தெருவில் 40 மி.மீ., கண்மாய்க்கு அந்தப் பக்கம் 12 என்று வரும். "டிவியில சொன்ன மழை நம்மூர்ல பெய்யவே இல்ல" என்ற புலம்பலுக்கு அன்றைக்கு ஓர் எண் கிடைக்கிறது. 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.4 தாண்டினால் அதிகனமழை என்ற வகைப்பாட்டை நோட்டின் அட்டையில் எழுதி ஒட்டுங்கள்.

எண் வந்தபின் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றால் ஒரு லட்சம் லிட்டர். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்த பிள்ளை பள்ளிக்கூடக் கூரையைப் பார்த்தாலே எத்தனை லிட்டர் வீணாகிறது என்று சொல்லிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை: பார்த்துச் சொல்வது

மழைக்காலத்தில் குழுவின் வேலை செய்வதல்ல, பார்ப்பது. தினமும் ஒரு ஜோடி, பகலில், கலுங்கு மட்டத்தைப் பார்த்து எழுத வேண்டும். கரை கசிவது புதிதல்ல. கசியும் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கி மண்ணோடு வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது என்று பொருள். உடனே தகவல் போக வேண்டும்.

தகவல் சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். "சார், கரை உடையப் போகுது, சீக்கிரம் வாங்க" என்றால் எதிர்முனையில் இருப்பவர் பத்துக் கேள்வி கேட்பார். "இன்ன ஊராட்சி, இன்ன கண்மாய், தெற்கு மடையிலிருந்து கலுங்குப் பக்கம் ஐம்பது அடியில், கரையின் வெளிச்சரிவில் கலங்கல் தண்ணீர் வருகிறது, காலையைவிட அதிகமாகியிருக்கிறது, படம் அனுப்புகிறேன்" என்றால் வேலை நடக்கும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. வறண்ட நாளிலேயே இந்த உரையாடலை இரண்டு பேராக நிறுத்தி ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். பெருமழை இரவில் எந்தப் பிள்ளையும் கரைமேல் நிற்கக் கூடாது. மணல் மூட்டை அடுக்க ஆள் வேண்டுமென்று பொறியாளர் கேட்டால், அவர் சொல்லும் இடத்தில், அவர் கண்முன்னால் மட்டும்.

தை முதல் பங்குனி வரை: கிராம சபை

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். இவற்றில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கண்மாய் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் வேண்டாம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பதவியில் இல்லாத காலத்தில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார், அப்போதும் முறை மாறாது.

கிராம சபை சும்மா சடங்கு என்று சொல்பவர்களுக்கு மேலூர்ப் பக்கத்தைக் காட்டலாம். அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று 2024 நவம்பரில் தெரிந்ததும் அந்தப் பகுதி ஊராட்சிகள் கிராம சபையில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. போராட்டமும் தொடர்ந்தது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் மட்டுமே அதைச் செய்யவில்லை, ஆனால் தீர்மானம் இல்லாமல் அந்தப் பேச்சுக்கு அடித்தளம் இருந்திருக்காது.

பிள்ளைகள் கொண்டுபோகும் தீர்மானம் ஒரே ஒரு வேலையைக் கேட்க வேண்டும். "கண்மாயைப் பாதுகாக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்றால் எல்லாரும் கைதட்டி நிறைவேற்றுவார்கள், யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள். இடம், எண், நாள், ஆள் நான்கும் வேண்டும்:

"நமது கண்மாயின் வரத்துக்கால் புல எண் ___இல் தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் உள்ள பாலக் குழாய் மண் அடைத்து நீர்வரத்து தடைபட்டுள்ளது. அதை வரும் செப்டம்பர் 15க்குள் நீக்கித் தருமாறு வட்டார வளர்ச்சி அலுவலரைக் கேட்டுக்கொள்வதெனத் தீர்மானிக்கப்படுகிறது."

கூட்டத்துக்கு முன்பே ஊராட்சிச் செயலரைப் பார்த்து எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். வார்டு உறுப்பினர், விவசாயிகள், மகளிர் குழுத் தலைவி ஆகியோரிடம் முந்தைய வாரமே பேசிவிட வேண்டும். கூட்டத்தில் முதன்முதலாகக் கேட்கும் எதையும் பெரியவர்கள் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். பேசும் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதும். மழை நோட்டையும் அடைப்பின் படத்தையும் கையில் வைத்துக்கொள்ளட்டும். தீர்மானம் புத்தகத்தில் எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்தபின் கையெழுத்து. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுவதில்லை என்பதை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். தீர்மான நகல் வாங்கி, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதியலாம். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் இருக்கிறது. மனுவின் ஒரு பிரதி அந்த இயக்கத்தில் உள்ள மாவட்ட வன அலுவலருக்கும் போகட்டும்.

மாசி முதல் வைகாசி வரை: கை வேலை

இப்போதுதான் மண்வெட்டி. எல்லாரும் "தூர்வாரலாம்" என்பார்கள். முதலில் கணக்குப் போடச் சொல்லுங்கள். பத்து ஹெக்டேர் கண்மாயில் ஓரடி, அதாவது சுமார் 30 செ.மீ., மண் எடுத்தால் 30,000 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது நூறு கன அடி, ஏறக்குறைய 2.83 கன மீட்டர். ஆக, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட யூனிட் மண். டிராக்டர் வாடகையை ஒருமுறை பெருக்கிப் பார்த்ததும் குழு அமைதியாகிவிடும். அந்த அமைதிக்குப் பிறகுதான் நல்ல கேள்வி பிறக்கும்: தண்ணீர் உள்ளே வருவதையோ தங்குவதையோ தடுப்பது எது? பெரும்பாலும் வரத்துக்காலில் ஒரு பாலத்தடி அடைப்பு, மடையில் உடைந்த பலகை, கலுங்கு வாயில் முளைத்த புதர். இவை பதினைந்து பேர் கொண்ட குழுவால், அனுமதி வாங்கி, சில வார இறுதிகளில் முடியக்கூடியவை.

உண்மையிலேயே மண் எடுக்க வேண்டுமானால் விவசாயிகளிடம் விடுங்கள். வண்டல் மண் வயலுக்கு உரம். விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் முறை 2024இல் வந்தது. விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதில் பிள்ளைகள் விவசாயிகளுக்கு உதவினால், குழு ஒரு ரூபாய் செலவில்லாமல் கண்மாய் ஆழப்படும், ஊரில் மரியாதையும் கூடும். அனுமதித்த இடத்தை, ஆழத்தை மீறி அள்ளும் லாரிகளும் வரும். இரவில் லாரியை மறிப்பது, ஓட்டுநரைப் படம் எடுப்பது என்று ஒரு பிள்ளைகூடப் போகக் கூடாது. அதில் வீரம் எதுவுமில்லை, ஆபத்து மட்டும்தான். தேதியும் இடமும் போட்டு எழுத்தில் புகார், அதுவும் பெரியவர் பெயரில்.

சீமைக்கருவேலம் பற்றியும் சொல்ல வேண்டும். அதை வெட்டுவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. வெட்டியதைவிட அடர்த்தியாக மறுபடி தழைப்பது அதன் குணம். வேரோடு எடுக்காவிட்டால் பயனில்லை. அதைவிட முக்கியம், நாட்டுக் கருவேலத்தைச் சீமை என்று நினைத்து வெட்டிவிடாமல் இருப்பது. பூவைப் பாருங்கள்: நாட்டுக் கருவேலத்தில் மஞ்சள் உருண்டை, சீமையில் விரல் போல நீண்ட கதிர். காயைப் பாருங்கள்: நாட்டுக் கருவேலத்தின் காய் விதைக்கு விதை இடுக்கிக் கோத்த மணிமாலை போலச் சாம்பல் வெள்ளையாக இருக்கும், சீமையின் காய் பழுத்தால் மஞ்சளாக, ஆடு தேடித் தின்னும். கண்மாய்க்குள் சமூகக் காடாக வளர்த்த கருவேலங்கள் வனத்துறையின் பொறுப்பில் இருக்கலாம். சீமையும்கூடப் புறம்போக்கில் நின்றால் ஊராட்சி வழியாகத்தான் அகற்ற வேண்டும். ராமநாதபுரம் பக்கம் அதைக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் பல. அவர்களைக் கூப்பிட்டுப் பேசினால் எந்தப் பகுதியை முதலில் எடுக்கலாம் என்று அவர்களே சொல்வார்கள். கலுங்கு, மடை, வரத்துக்கால் மூன்றும் முதலில். உள்வாய் முழுவதையும் ஒரே கோடையில் மொட்டையடிக்க வேண்டிய அவசரம் இல்லை.

மரம் நடவே கூடாதா என்றால், நடலாம், பனை. அடுத்த ஆவணி, புரட்டாசியில் விழுந்த பனம்பழத்தைப் பொறுக்கி, கொட்டையை, பொறியாளர் காட்டும் கரைப்பகுதியில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றிவிட்டால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். மடைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

பழக்குபவருக்குச் சில வார்த்தைகள்

பிள்ளைகள் பேச வேண்டிய இடத்தில் நீங்கள் பேசாதீர்கள். அதிகாரி உங்களைப் பார்த்துக் கேட்டாலும், "தங்கச்சி சொல்லும் சார்" என்று திருப்பி விடுங்கள். மனுவின் முதல் படியை அவர்கள் எழுதட்டும், சிவப்பு மையில் திருத்துங்கள், மறுபடி அவர்களே எழுதட்டும். பொறுப்புகளை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பெண்களுக்கு நோட்டு, பையன்களுக்கு மண்வெட்டி என்று தானாகப் பிரிந்துவிடும், அதை விடாதீர்கள்.

பணம் சின்னதாக இருக்கும்போதே கணக்கு வேண்டும். இருவர் கையெழுத்து, ஒவ்வொரு ரசீதும் குழுவில் படமாக, மாதக் கடைசியில் மீதி. அரசியல்வாதியோ ரியல் எஸ்டேட்காரரோ பனியன் வாங்கித் தருகிறேன் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள் கவனத்துக்கு: ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரமும், ஏழு நாள் சிறப்பு முகாமும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த ஏழு நாளைக் கோயில் வளாகம் கூட்டுவதில் செலவழிக்காமல், வரத்துக்கால் முழுவதையும் நடந்து வரைபடம் போடுவதற்குக் கொடுங்கள். மறுஆண்டு முகாம் அதே ஊருக்குப் போகட்டும்.

நகரத்தில் இருப்பவர்கள் கண்மாய்க்குப் பதில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளலாம். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. ஒரே மாதிரி நாலு வெப்பமானி, தரையிலிருந்து நாலடி உயரத்தில், நிழலில், தகரக் கூரை வீட்டுக்குள் ஒன்று, மரத்தடியில் ஒன்று, பேருந்து நிறுத்தத்தில் ஒன்று, பள்ளி வகுப்பறையில் ஒன்று. பங்குனி, சித்திரை முழுக்கப் பகல் இரண்டு மணிக்கு எழுதினால், எந்த நிறுத்தத்துக்கு நிழல் கேட்டு மாநகராட்சிக்குப் போக வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும். மற்றதெல்லாம் மேலே சொன்ன முறைதான்.

இரண்டாம் ஆண்டு

படிப்பு முடிந்ததும் பாதிப்பேர் திருப்பூர், சென்னை, சிங்கப்பூர் என்று போய்விடுவார்கள். அதைத் தடுக்க முடியாது. அதனால் முதல் ஆண்டின் கடைசி இரண்டு மாதத்தில் ஒவ்வொருவரும் தனக்கு அடுத்து ஒரு பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். மழை நோட்டு, நடை வரைபடம், தகவல் உரிமைப் பதில்கள், தீர்மான நகல் எல்லாவற்றையும் மூன்று படி எடுத்து, ஒன்று ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒன்று நூலகத்துக்கு, ஒன்று புதுக் குழுவுக்கு. வெளியூர் போனவர்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கட்டும். அலுவலகக் கடிதம் எழுத, கணக்குச் சரிபார்க்க அவர்களைப் பயன்படுத்தலாம். மே 1 கிராம சபையில் பழைய குழு தன் ஆண்டுக் கணக்கை வாசித்து, புதுப் பிள்ளைகளை அறிமுகப்படுத்தட்டும். செப்டம்பர் 15 என்று தீர்மானத்தில் எழுதிய பாலத்தடி அடைப்பு நீங்கியதா என்று போய்ப் பார்ப்பது அவர்களுடைய முதல் வேலை. நீங்காவிட்டால் அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மான எண்ணைச் சொல்லிக் கேட்பது இரண்டாவது.